தூதன் கொண்டுவந்த அடை



உங்கள் வீட்டில் இரவு உணவைக் கடைசியாகச் சாப்பிடுகிறவர் யார்? பெரும்பாலான வீடுகளில் இக்கேள்விக்கு ஒரே விடைதான். பிள்ளைகளும் கணவரும் மாமனார் மாமியாரும் உண்டு எழுந்தபின், பானையின் அடியில் மிஞ்சிய சோற்றில் மிஞ்சிய குழம்பை ஊற்றி, அடுப்படியில் நின்றபடியே உண்டு முடிக்கிறவள் தாய். மீன் குழம்பு வைத்த நாளிலும் அவள் தட்டில் பல வேளை குழம்பு மட்டுமே இருக்கும். ஞாயிறு காலை ஆராதனைக்குப் புறப்படும் அவசரத்தில் ஒரு டம்ளர் தேநீரே அவளுக்கு ஆகாரம். இதைத் தியாகம் என்று புகழ்கிறோம். பிரசங்க பீடத்திலிருந்தும் புகழ்கிறோம். அந்தப் புகழ்ச்சி சரியானதுதானா என்பதை இவ்வாரம் உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன். சரீரத்தைப் பட்டினி போடுவதும், அதன் சோர்வைக் கண்டும் காணாதிருப்பதும் பரிசுத்தத்தின் அடையாளம் அல்ல என்பதே என் எண்ணம். தேவன் சோர்ந்துபோன தம்முடைய ஊழியக்காரனை நடத்திய விதமே இதற்குச் சாட்சி.

முதலாம் ராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தை ஒருமுறை அமைதியாக வாசித்துப் பாருங்கள். கர்மேல் பர்வதத்தில் அக்கினி இறங்கக் கண்ட எலியா, யேசபேலின் மிரட்டலைக் கேட்டு ஓடுகிறான். பெயெர்செபாவில் தன் வேலைக்காரனை விட்டுவிட்டு, தனியாக வனாந்தரத்தில் ஒருநாள் தூரம் நடந்து, ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, தன் உயிரை எடுத்துக்கொள்ளும்படி கர்த்தரிடம் கேட்கிறான். பயம், தனிமை, நெடுந்தூர நடை, பசி, உறக்கமின்மை ஆகிய ஐந்தும் ஒரே மனிதன்மேல் ஒரே நேரத்தில் விழுந்திருக்கின்றன.

அந்த வேளையில் கர்த்தர் செய்தது என்ன? அவனைக் கடிந்துகொள்ளவில்லை. விசுவாசம் எங்கே போயிற்று என்று வினவவில்லை. அவன் தூங்கினான், தூங்க விட்டார். பின்பு தூதன் அவனைத் தட்டி எழுப்பியபோது, தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருந்தன. உண்டு குடித்து மறுபடியும் படுத்துக்கொண்டான். அப்போதும் தூதன் அவசரப்படுத்தவில்லை. இரண்டாம் முறையும் எழுப்பி, இன்னும் நெடுந்தூரம் போகவேண்டியிருக்கிறதால் சாப்பிடும்படி சொன்னான். அந்த ஆகாரத்தின் பலத்தினால் எலியா நாற்பது நாள் நடந்து ஓரேபை அடைந்தான். கர்த்தர் அவனிடம் இங்கே உனக்கு என்ன காரியம் என்று விசாரித்தது அதற்குப் பின்புதான். முதலில் உறக்கம், அடுத்து உணவு, மறுபடியும் உறக்கமும் உணவும், அதன் பின்பே உரையாடல். இந்த வரிசையை நாம் தலைகீழாக மாற்றிவிட்டோம் என்று அஞ்சுகிறேன். சோர்ந்திருக்கும் ஒருவரைக் கண்டால் முதலில் உபதேசம் சொல்லுகிறோம். அவர் சாப்பிட்டாரா என்று கேட்க மறந்துவிடுகிறோம்.

பழைய ஏற்பாட்டில் நாம் ‘ஆத்துமா’ என்று வாசிக்கிற சொல்லுக்கு எபிரெய மூலத்தில் பெரும்பாலும் ‘நெஃபெஷ்’ என்ற சொல்லே நிற்கிறது. அதற்கு உயிர் என்று பொருள் உண்டு. தொண்டை என்றும், பசி என்றும்கூடப் பொருள் உண்டு. எபிரெயர் சரீரத்தையும் ஆத்துமாவையும் இரண்டு அறைகளாகப் பிரித்துப் பூட்டி வைக்கவில்லை. தொண்டை வறண்டவனின் ஆத்துமாவும் வறண்டிருக்கும் என்பது அவர்களுக்கு இயல்பாகவே தெரிந்திருந்தது. சூரைச்செடியின் கீழ் எலியா முறையிட்ட அந்த வசனத்திலும் இந்தச் சொல்லே வருகிறது. அவன் தொண்டையைத் தேற்றியதன் மூலம் கர்த்தர் அவன் ஆத்துமாவையும் தேற்றினார்.

இது வேதபாடம் மட்டுமல்ல, நம் வீடுகளின் நிலையும்கூட. 2019-21 ஆண்டுகளில் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதத்தினருக்கு இரத்தசோகை இருக்கிறது. அதாவது இருவரில் ஒருவருக்கும் மேல். ஆராதனையில் உங்கள் வரிசையிலும், உங்களுக்கு முன்வரிசையிலும் அமர்ந்திருக்கும் சகோதரிகளை எண்ணிப் பாருங்கள். இரத்தசோகை உள்ளவருக்குப் படியேறினால் மூச்சு வாங்கும், நெஞ்சு படபடக்கும், காரணமின்றி எரிச்சல் வரும், ஜெபிக்க முழங்காலிட்டால் தூக்கம் வரும், வேதத்தைத் திறந்தால் மனம் நிலைக்காது. அந்தச் சகோதரி தன்னை விசுவாசத்தில் குளிர்ந்துபோனவள் என்று நினைத்து அழுகிறாள். சிலர் அவளிடம் அப்படியே சொல்லியும் விடுகிறார்கள். அவளுக்குக் குறைந்திருப்பது விசுவாசம் அல்ல, இரும்புச்சத்தாக இருக்கலாம். ஒரு இரத்தப் பரிசோதனை அதைச் சொல்லிவிடும்.

சத்தான உணவு என்றவுடன் பணம் படைத்தவர்களின் காரியம் என்று எண்ணிவிடாதீர்கள். புறக்கடையில் நிற்கும் முருங்கையின் கீரை, கேழ்வரகுக் கூழ், வேர்க்கடலை, பாசிப்பயறு, முட்டை, முள்ளோடு மென்று தின்னக்கூடிய நெத்திலி ஆகியவை நம் மண்ணும் கடலும் தருகிற ஈவுகள். கீரையும் பயறும் உண்ணும்போது எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய், கொய்யாப்பழம் இவற்றில் ஏதேனும் ஒன்றைச் சேர்த்துக்கொண்டால், அவற்றிலுள்ள இரும்புச்சத்தைச் சரீரம் நன்கு ஏற்றுக்கொள்ளும். சாப்பாட்டோடு தேநீரோ காப்பியோ குடித்தால் அந்தச் சத்தின் பெரும்பகுதி சேராமற்போகும். ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். கர்ப்பிணிகளுக்கும் வளரிளம் பெண்களுக்கும் அரசு இரும்புச்சத்து மாத்திரைகளை இலவசமாகவே வழங்குகிறது. அவற்றை வாங்கி அலமாரியில் வைத்துவிடாமல் உட்கொள்ளுங்கள்.

இங்கே உங்களில் சிலர் மறுப்புச் சொல்லக்கூடும். ‘ஐயா, ஆண்டவரே நாற்பது நாள் உபவாசித்தாரே, பவுல் தன் சரீரத்தை ஒடுக்கினாரே, வயிற்றைக் கவனிப்பது மாம்சத்துக்குரியது அல்லவா’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. உபவாசத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் உபவாசத்திற்கு ஒரு தொடக்கமும் ஒரு முடிவும் உண்டு. அதற்குள் ஜெபம் உண்டு. அதை நாம் அறிந்து தெரிந்துகொள்ளுகிறோம். ஆண்டவரின் நாற்பது நாள் முடிவில் தூதர்கள் வந்து அவருக்குப் பணிவிடை செய்ததையும் நினைவில் வையுங்கள். வேலை மிகுதியால் சாப்பிட மறப்பதும், தனக்கு வேண்டாம் என்று தள்ளி வைப்பதும் உபவாசம் அல்ல. அதற்கு அலட்சியம் என்றே பெயர். பவுல் தன் சரீரத்தை ஒடுக்கியதும் ஓட்டப்பந்தயத்தில் ஓடுகிறவனைப் போலத்தான். எந்த ஓட்டக்காரனும் தன்னைப் பட்டினி போட்டுப் பரிசு பெறுவதில்லை. சரீரத்தை வருத்துவதையே பக்தியாக்குகிற போதனைகளைக் குறித்து அதே அப்போஸ்தலன் கொலோசெ சபையாரை எச்சரித்தும் இருக்கிறார்.

ஒரு முக்கியமான காரியத்தை இங்கே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சர்க்கரை வியாதிக்காக இன்சுலினோ மாத்திரையோ எடுத்துக்கொள்ளுகிறவர்கள், கர்ப்பவதிகள், பாலூட்டும் தாய்மார் ஆகியோர் லெந்து நாட்களிலும் உபவாச ஜெபங்களிலும் மருத்துவரைக் கேளாமல் உணவைத் தவிர்க்க வேண்டாம். மருந்தை எடுத்துக்கொண்டு ஆகாரத்தை விட்டுவிட்டால், இரத்தத்தில் சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் குறைந்து, வியர்த்து, கை நடுங்கி, நினைவு தப்பக்கூடும். நீங்கள் அமர்ந்திருந்து ஜெபித்தாலும், கஞ்சி குடித்துவிட்டு வந்து ஜெபித்தாலும் கர்த்தர் அதைக் கேட்கிறார். உபவாசிக்க முடியாதவர்கள் தொலைக்காட்சியையோ கைப்பேசியையோ விட்டு உபவாசிக்கலாமே.

அப்போஸ்தலருடைய நடபடிகள் 27-ஆம் அதிகாரத்தில் இன்னொரு காட்சி உண்டு. பவுலைக் கைதியாக ரோமாபுரிக்கு ஏற்றிச்சென்ற கப்பல் பெருங்காற்றில் சிக்கிப் பதினான்கு நாட்களாக அலைகிறது. கப்பலில் இருப்பவர்கள் 276 பேர். பயத்தினால் எவரும் சாப்பிடவில்லை. பொழுது விடியும் வேளையில் பவுல் அவர்களைப் போஜனம்பண்ணும்படி வேண்டிக்கொள்ளுகிறார். உங்கள் பிழைப்புக்கு இது அவசியம் என்பதே அவர் சொன்ன காரணம். தாமே அப்பத்தை எடுத்து, எல்லாருக்கும் முன்பாகத் தேவனுக்கு ஸ்தோத்திரஞ்செய்து, பிட்டு உண்ணத் தொடங்குகிறார். அதைக் கண்டு மற்றவர்களும் மனந்தேறி உண்டார்கள். அன்று அத்தனை பேரும் கரை சேர்ந்தார்கள். உபதேசம் செய்யத் தெரிந்த பவுல் அந்தக் காலையில் உணவைப் பற்றியே பேசினார் என்பது எனக்கு மிகவும் பிரியமான செய்தி. அவர் சொன்னதோடு நிற்காமல் முதலில் தாமே உண்டார் என்பதும் கவனிக்கத்தக்கது. ‘நான் எப்படியிருந்தாலும் சரி, பிள்ளைகள் சாப்பிட்டால் போதும்’ என்று சொல்லும் தாய்மாரே, நீங்கள் உட்கார்ந்து வயிறார உண்பதைப் பார்த்தே உங்கள் மகளும் தன் சரீரத்தை மதிக்கக் கற்றுக்கொள்வாள். நீங்கள் நின்றுகொண்டு மிச்சத்தை உண்பதைப் பார்த்தால், நாளை தன் புகுந்த வீட்டில் அவளும் அதையே செய்வாள்.

ஆகாரமும் ஓய்வும் எல்லாக் காயங்களையும் ஆற்றிவிடும் என்று நான் சொல்லவில்லை. வாரக்கணக்கில் உறக்கமில்லை, எதிலும் நாட்டமில்லை, வாழ்வே வேண்டாம் என்று தோன்றுகிறது என்றால், தயவுசெய்து மனநல மருத்துவரிடம் செல்லுங்கள். அது அவிசுவாசம் அல்ல. எலியாவும் அப்படித்தான் பேசினான். அவன் பெயர் தீர்க்கதரிசிகளின் பட்டியலிலிருந்து நீக்கப்படவில்லை. கர்த்தர் அவனுக்கு உணவும் ஓய்வும் கொடுத்தபின் எலிசாவையும் துணையாகக் கொடுத்தார். சோர்ந்தவர் தனித்திருக்கலாகாது என்பதை அவர் அறிந்திருந்தார்.

ஆகவே நம் சபைக்கு ஒரு ஆலோசனை சொல்லுகிறேன். அடுத்த அசனப் பண்டிகையில் வழக்கமான வரிசையை மாற்றுவோம். விடியுமுன் எழுந்து காய்கறி நறுக்கினவர்களும், தேங்காய் துருவினவர்களும், பாத்திரம் கழுவுகிறவர்களும் முதல் பந்தியில் அமரட்டும். மூப்பர்களும் கமிட்டி அங்கத்தினர்களும், போதகனாகிய நானும் அவர்களுக்குப் பரிமாறுவோம். கடைசிப் பந்தியில் எங்களுக்கு என்ன மிஞ்சுகிறதோ அதை உண்போம். அதுவரை காத்திராமல், சகோதரரே, இன்றிரவே உங்கள் வீட்டில் தொடங்குங்கள். எல்லாரும் ஒன்றாய் அமர்ந்த பின்பே ஸ்தோத்திர ஜெபம் செய்வது என்று தீர்மானியுங்கள். மீன் துண்டுகளை எண்ணும்போது அவளையும் சேர்த்து எண்ணுங்கள். தூதன் எலியாவுக்கு அடை சுட்டுக் கொண்டுவந்தான். உங்கள் வீட்டில் சோர்ந்திருக்கும் ஒருவருக்கு ஒரு தோசை சுட்டுக் கொடுக்க உங்களால் கூடும்.

சமாதானத்தின் தேவன் உங்கள் ஆவி, ஆத்துமா, சரீரம் மூன்றையும் காத்து, நீங்கள் போகவேண்டிய தூரத்திற்கு வேண்டிய பெலனைத் தந்தருளுவாராக. ஆமென்.