முயல் பிடிக்க ஃபெரெட்: ஆணா, பெண்ணா?

கேள்வி: படப்பைக்கு அருகே ஒன்றரை ஏக்கரில் மல்லாட்டை போட்டிருக்கிறேன். சுற்றிலும் மனை பிரித்துப் போட்ட காலி இடம், சீமைக்கருவேல முள். விதைத்த இருபதாம் நாளில் செடியின் நுனி நறுக்கிக் கிடந்தது. இப்போது காய் பிடிக்கும் நேரத்தில் காயையே தோண்டித் தின்கிறது. வரப்பெல்லாம் வளை. முயல் வேலை என்கிறார்கள். வெளிநாட்டில் ஃபெரெட் என்ற கீரி மாதிரிப் பிராணியை வளைக்குள் விட்டு முயல் பிடிப்பதை என் மகன் செல்போனில் காட்டினான். ஜோடியாக வாங்கக் கட்டுப்படியாகாது. ஒன்று மட்டும் வாங்கினால் ஆண் நல்லதா, பெண் நல்லதா? பிடிபடும் முயல் கறிக்கும் ஆகுமே.
- வாசகர், படப்பை

பதில்: கேட்டதற்கு முதலில் பதில். ஃபெரெட் என்பது ஐரோப்பாவின் போல்கேட் என்ற காட்டு விலங்கிலிருந்து வீட்டு விலங்காக்கப்பட்டது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக முயல் வேட்டைக்குப் பயன்பட்டு வருகிறது. பெண் ஒரு கிலோவுக்குள் இருக்கும். ஆண் அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு எடை வரும். முயல் வளையின் வாய்களில் எல்லாம் வலையை விரித்துவிட்டு ஃபெரெட்டை உள்ளே விடுவார்கள். முயல் மிரண்டு வெளியே பாய்ந்து வலையில் சிக்கும். ஃபெரெட்டின் வேலை விரட்டுவதுதான், கொல்வது அல்ல. அதனால் அங்குள்ள வேட்டைக்காரர்களில் பலர் பெண்ணையே விரும்புகிறார்கள். சிறிய உடல், குறுகிய வளையில் எளிதாகத் திரும்பும், வலைக் கண்ணிலும் சிக்காமல் நழுவும். ஆண் வலு மிக்கது. உள்ளேயே முயலைக் கொன்று தின்றுவிட்டு அங்கேயே தூங்கிவிடும் என்பது அதன் மேல் உள்ள புகார். பெண்ணும் சில நேரம் அப்படிச் செய்யும். அப்போது கயிறு கட்டிய பெரிய ஆணை உள்ளே விட்டு, அது நிற்கும் இடத்தை அறிந்து தோண்டி எடுப்பது பழைய முறை. பெண்ணிலும் ஒரு சிக்கல் உண்டு. இணை சேராத பெண் ஃபெரெட்டுக்குப் பருவ வேட்கை தானாக அடங்காது. நாள்பட்டால் எலும்பு மச்சை பழுதாகி, இரத்தம் வற்றிச் செத்தே போகும். ஆக, ஒன்று மட்டும் வாங்கி வளர்ப்பது மலிவு என்பது கணக்குக்கு ஒத்து வராது.

ஆனால் படப்பை வாசகர் ஆணும் வாங்க வேண்டாம், பெண்ணும் வாங்க வேண்டாம். அவருடைய நிலத்து வரப்பில் உள்ள எந்த வளையிலும் முயல் இல்லை.

குழப்பத்துக்குக் காரணம் ஒரு சொல். தமிழில் இரண்டு விலங்குகளையும் 'முயல்' என்றே சொல்கிறோம். செல்போனில் தெரிந்தது ஐரோப்பிய முயல். அது மண்ணுக்குள் வளை பறித்துக் கூட்டமாக வாழும். குட்டி, மயிரில்லாமல் கண் மூடிப் பிறக்கும். வண்டலூர், நன்மங்கலம் பக்கத்துக் காடுகளிலும் புதர்களிலும் ஓடுவது கழுத்தின் பின்புறம் கறுத்த நம் ஊர்க் காட்டு முயல். இது வளை தோண்டாது. புல்லை அழுத்தி ஒரு பள்ளம் செய்து அதில் படுத்துக்கொள்ளும். குட்டி மயிரோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். வளையில் இல்லாத விலங்கை வளைக்குள் ஆள் அனுப்பிப் பிடிக்க முடியாது.

காட்டு முயலைப் பிடிப்பது 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் சொல்ல வேண்டும். கண்ணி வைப்பது, வலை கட்டுவது, பிடிக்க முயல்வது எல்லாமே சட்டத்தின் பார்வையில் வேட்டைதான். 'எங்கள் நிலத்துக்குள் வந்தது' என்ற பேச்சு அங்கே எடுபடாது. கறிக்கு ஆசைப்பட்டு வழக்கில் மாட்டினால் ஒன்றரை ஏக்கர் மல்லாட்டை வக்கீலுக்கே போதாது. ஃபெரெட்டுக்குப் பதில் கீரியைப் பிடித்துப் பழக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அதையும் கேட்க வேண்டாம். கீரியும் பாதுகாக்கப்பட்ட விலங்கே.

ஃபெரெட் இந்த ஊருக்குத் தாங்காது என்பது இன்னொன்று. முப்பது டிகிரியைத் தாண்டினாலே அதற்கு வெப்ப அயர்ச்சி வந்துவிடும். காஞ்சிபுரம் மாவட்டத்தின் சித்திரை வெயிலைச் சொல்லவே வேண்டாம். தெருநாய்களிடமிருந்து தொற்றும் டிஸ்டெம்பர் நோய் வந்தால் பெரும்பாலும் பிழைக்காது. நம் வரப்பு வளைகளில் நல்லபாம்பும் இருக்கும். கீரிக்கு உள்ள தாங்கு சக்தி இதற்குக் கிடையாது. வெளியே தப்பிவிட்டாலும் தொல்லைதான். நியூசிலாந்தில் முயலைக் கட்டுப்படுத்த 1880-களில் ஃபெரெட்டைக் கொண்டுவந்து விட்டார்கள். அது தரையில் கூடு கட்டும் பறவைகளைத் தின்று தீர்த்ததால், 2002 முதல் அங்கே அதை விற்கவும் இனப்பெருக்கம் செய்யவும் தடை.

சரி, மல்லாட்டையைத் தின்பது யார்? கடிதத்திலேயே விடை இருக்கிறது. இருபதாம் நாளில் நுனி நறுக்கியது முயலாக இருக்கலாம். முயல் கடித்தால் கத்தியால் சாய்வாக வெட்டியது போல வெட்டு சுத்தமாக இருக்கும், பக்கத்தில் உருண்டையான காய்ந்த புழுக்கை கிடக்கும். காயைத் தோண்டித் தின்பது முயலின் வழக்கம் அல்ல. அது எலி. வரப்பு வளையும் எலியுடையதே. மண் கிளறி, செடி வேரோடு புரண்டு கிடந்தால் காட்டுப்பன்றி. எது என்று தெரியாமல் செலவு செய்தால் பணமும் போகும், காயும் போகும்.

எலிக்கு வேலையை இன்றே தொடங்கலாம். மாலையில் எல்லா வளை வாயையும் மண்ணால் மூடிவிட வேண்டும். காலையில் எது திறந்திருக்கிறதோ, எதில் புதுமண் தள்ளியிருக்கிறதோ, அதில்தான் எலி இருக்கிறது. அந்த வளைகளைக் குறிவைத்துக் கிட்டி வைப்பது முதல் வழி. மூங்கில் வில்லில் செய்யும் தஞ்சாவூர்க் கிட்டி செலவு குறைந்தது, நாய்க்கும் கோழிக்கும் ஆபத்தில்லை. சுற்றுவட்டாரத்தில் எலி பிடிக்கும் இருளர் குடும்பங்கள் இருந்தால் அவர்களை அழைப்பது இன்னும் மேல். எந்த வளையில் எலி, எதில் பாம்பு என்பதை வாய் மண்ணைப் பார்த்தே சொல்வார்கள். சட்டியில் வைக்கோல் புகை மூட்டி வளைக்குள் ஊதி எலியைப் பிடிக்கும் அவர்களின் முறையில் நஞ்சே இல்லை. வயலில் 'டி' வடிவக் குச்சிகளை நட்டு வைத்தால் ஆந்தை இரவில் வந்து உட்காரும். அதற்குக் கூலி கிடையாது.

நஞ்சு கடைசி வழி. சிங்க் பாஸ்பைடு வைப்பதானால், முதல் இரண்டு நாள் நஞ்சில்லாத பொரியை வைத்துப் பழக்க வேண்டும். அதன் பிறகு 49 பங்கு பொரிக்கு ஒரு பங்கு மருந்து, சிறிது எண்ணெய் சேர்த்து, குச்சியால் கலந்து, ஒரே நாள் வளைக்குள் வைக்கலாம். கையால் தொடக் கூடாது. இதற்கு முறிவு மருந்து இல்லை. குழந்தைகளும் ஆடு, மாடு, கோழியும் நெருங்காமல் பார்க்க வேண்டும். செத்த எலிகளை அன்றே எடுத்துப் புதைத்துவிட வேண்டும். எலிக்குச் சினைக்காலம் மூன்று வாரம்தான். ஒருவர் மட்டும் செய்தால் அடுத்த கொல்லை எலி குடிவந்துவிடும். அதனால் பக்கத்து நிலத்தாரோடு சேர்ந்தே செய்ய வேண்டும். வரப்பைச் சிறிதாக, களையில்லாமல் வைத்தாலே பாதி வளை குறையும்.

முயலுக்கு வேலி போதும். மூன்றடி உயரக் கோழிவலை கட்டி, அடியில் அரையடியை வெளிப்புறமாக மடித்து மண் போட்டு மூடினால் உள்ளே வராது. விதைத்து ஒன்றரை மாதம் வரை காத்தால் போதும். எக்காரணம் கொண்டும் கம்பியில் மின்சாரம் பாய்ச்ச வேண்டாம். அது சட்ட விரோதம். விடியற்காலையில் நிலத்துக்கு வரும் மனிதரையும் அது கொல்லும்.

கறி ஆசைக்கு வழி இருக்கிறது. வளர்ப்பு முயல் ஐரோப்பிய முயலின் வழி வந்தது, காட்டு முயல் அல்ல. அதை வளர்க்கத் தடையில்லை. தாம்பரத்திலிருந்து மறைமலைநகர் போகும் வழியில் காட்டுப்பாக்கத்தில் உள்ள கால்நடை அறிவியல் முதுகலை ஆராய்ச்சி நிலையத்தில் இதுபற்றிக் கேட்டறியலாம். ஆணா, பெண்ணா என்ற கேள்வியை அங்கே கேட்டால் பொருத்தமாக இருக்கும். ஐந்தாறு பெண்ணுக்கு ஓர் ஆண் போதும். இனவிருத்திக்குப் பெண்ணைத்தான் ஆணின் கூண்டுக்குக் கொண்டுபோக வேண்டும். ஆணைப் பெண்ணின் கூண்டில் விட்டால் பெண் கடித்து விரட்டும். குட்டியைப் பார்த்து வாங்கும்போது பிறப்புறுப்பை மெல்ல அழுத்திப் பார்க்கலாம். வட்டமாகத் தெரிந்தால் ஆண், கீறலாகத் தெரிந்தால் பெண்.