இரணைமடுக் கட்டின்மேல் ஒரு காலை நடை

விடுமுறை வந்துவிட்டால் ஸ்கொட்லாந்து மக்கள் தோளில் ஒரு பையை மாட்டிக்கொண்டு மலைச்சாரலில் நடக்கப் புறப்பட்டுவிடுகின்றனர். கிளாஸ்கோ நகரின் அருகே தொடங்கி வடக்கே 96 மைல் நீளும் நடைபாதை ஒன்றை 1980 ஆம் ஆண்டில் இதற்கென்றே திறந்துவைத்தார்கள். பயிருக்கும் பிறருக்கும் ஊறு செய்யாதவரை தனியார் நிலத்திலும் எவரும் நடந்து செல்லலாம் என்று 2003 ஆம் ஆண்டுச் சட்டம் அங்கே உரிமை வழங்கியிருக்கிறது. நம்மவர்க்கு நெடுநடை என்றால் அது நேர்த்திக்கடன். செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமம் செல்லும் அடியார்கள் முல்லைத்தீவு வழியே நடக்கின்றனர். காட்சி காண்பதற்கென்று மட்டும் நடக்கலாமே என்றால், வேலையற்றவன் பேச்சென்று சிரிப்பார்கள்.

கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் குடும்பங்கள் முறிகண்டிப் பிள்ளையாரடியில் இறங்குகின்றன. தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு மீண்டும் வண்டியில் ஏறிவிடுகின்றன. அவர்கள் கண்ட வன்னி அவ்வளவே. வாசக அன்பர்களே, அடுத்த தைப்பொங்கல் விடுமுறையில் கிளிநொச்சியில் ஓரிரவு தங்கிப் பாருங்கள்.

பொழுது புலருமுன் இரணைமடுக் குளக்கட்டில் ஏறிவிட வேண்டும். கனகராயன் ஆற்றை மறித்து, சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் ஆட்சியில் எழுந்த குளம் இது. பின்னர் பலமுறை கட்டு உயர்த்தப்பட்டது. கடைசியாக நடந்த புனரமைப்பு 2018 இல் நிறைவெய்தியது. மேற்குக் கோடியில் தொடங்கிக் கிழக்கு நோக்கி நடந்தால் கதிரவன் நேரெதிரே எழுவான். வலப்புறம் கரை தெரியாத நீர். இடப்புறம், தாழ்ந்த நிலத்தில், கதிர் முற்றி நிற்கும் காலபோக வயல். அந்த நீர் இல்லையேல் இந்தப் பச்சை இல்லை என்பதை ஒரே பார்வையில் காணலாம். மாணவர்களுக்கு இதைவிடச் சிறந்த புவியியற் பாடம் எங்கே கிடைக்கும்? பட்ட மரக்கொம்புகளில் நீர்க்காகங்கள் சிறகை விரித்து வெயில் காயும். கொக்கும் நாரையும் ஆழமற்ற ஓரங்களில் அசையாது நிற்கும். இக்குளத்தைத் தாண்டிச் செல்லும் ஆறு சுண்டிக்குளம் களப்பில் போய்ச் சேர்கிறது. அங்கே பறவைகள் இன்னும் அதிகம்.

குளத்தில் இறங்கிக் குளிக்க வேண்டாம், முதலை உண்டு. வான் பாயும் நாளில் வான்கதவுகளின் பக்கமே போகலாகாது.

வைகாசி, ஆனியில் வருவோர்க்குப் பாலைப்பழம் காத்திருக்கும். உதடு பாலில் ஒட்டிக்கொள்ளும். தேன் போன்ற இனிப்புக்காக அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆயினும் பழத்தை நாடிக் காட்டுக்குள் நுழையாதீர்கள். வழக்கமாகச் சனங்கள் நடக்கும் பாதையை விட்டு ஓரடியும் விலக வேண்டாம். கண்ணிவெடி அகற்றும் பணி வன்னியில் எங்கும் முற்றுப்பெற்றுவிட்டதென்று எண்ணிவிடலாகாது. மண்டையோட்டுப் படம் வரைந்த சிவப்புப் பலகை எங்கு நின்றாலும் பிள்ளைகளுக்குக் காட்டி, அதன் பொருளைச் சொல்லிவையுங்கள்.

கிளிநொச்சியில் எனக்கு ஒரு மாமி இருக்கிறார். காலை நடைக்கு அவரை அழைக்கும்போதெல்லாம், “நான் நடந்தது காணும், தம்பி” என்பார். 2009 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பரந்தன்–முல்லைத்தீவு வீதியால் கிழக்கு நோக்கி நடந்த சனத்திரளில், இரு பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு அவரும் நடந்தவர். அதன்பின் நான் வற்புறுத்துவதில்லை.

இவ்வாண்டு தையில் பேரப்பிள்ளைகள் அழைத்தபோது, குளத்தருகே உள்ள கனகாம்பிகை அம்மன் கோயில்மட்டும் வருவதாக ஒப்புக்கொண்டார். கும்பிட்டு முடித்ததும் பிள்ளைகள் கட்டில் ஏறி ஓடினர். மாமி கீழே நின்று, “மெல்லப் போங்கோ!” என்று கூவினார். சற்று நேரம் கழித்து நான் திரும்பிப் பார்த்தேன். கழற்றிய செருப்பைக் கையில் பிடித்தபடி அவரும் ஏறி வந்துகொண்டிருந்தார். மதகுவரை நடந்தார். திரும்பும் வழியில், எத்தனை நீர்க்காகம் எண்ணினாய் என்று சின்னவனிடம் கேட்டார். அவன் பதினேழு என்றான். இல்லை, பத்தொன்பது என்றார் மாமி.