தடம் பார்த்தது யார்? கொம்பு யாருக்கு?



வேட்டை என்றாலே நமக்கு முறுக்கு மீசையும் துப்பாக்கியும்தான் ஞாபகம் வரும். சினிமா அப்படிப் பழக்கி வைத்திருக்கிறது. தென்னாப்பிரிக்கா, நமீபியா போன்ற நாடுகளில் இன்றைக்குச் சட்டப்படி நடக்கிற வேட்டையைப் பற்றிப் படித்தால், அந்த மீசைக்கு அங்கே பெரிய வேலை இல்லை என்று புரியும். கல்யாண மண்டபம் மாதிரி அதையும் முன்கூட்டியே புக் பண்ணலாம். தங்குவதற்கும் கூட வருவதற்கும் நாளைக்கு இவ்வளவு, சுட்ட மிருகத்துக்கு இவ்வளவு என்று விலைப் பட்டியல் உண்டு. லைசென்ஸ் பெற்ற தொழில்முறை வேட்டைக்காரர் ஒருவர் துணைக்கு வருவார். அவருக்கும் முன்னால், மண்ணைப் பார்த்தபடி உள்ளூர்க்காரர் ஒருவர் நடப்பார். என் கட்டுரை அவரைப் பற்றியது.

யானை, சிங்கத்தை விடுங்கள். மான் போலவே இருந்து, கொம்பு மட்டும் உதிராத ஜாதிக்கு இரலை என்று பெயர். நம் வெளிமான் அந்த ஜாதிதான். ஆப்பிரிக்காவில் அதில் மிகச் சிறியவை பல உண்டு. டிக்-டிக் என்று ஒன்று, எடை 3 முதல் 6 கிலோதான். நம்ம ஊர் வெள்ளாட்டுக் குட்டி கூட அதைவிடக் கனமாக இருக்கும்! ஸ்டீன்பாக் சுமார் 11 கிலோ. கிளிப்ஸ்பிரிங்கர் பாறை மேல் குளம்பு நுனியில் நிற்கும். இவற்றைச் சுடப் பல ஆயிரம் மைல் பறந்து வருகிறார்கள். கறிக்காகவா? கறிக்காக இல்லை, விரல் நீளக் கொம்புக்காக. சின்ன இரலைகளில் பத்து வகையைச் சேர்த்து முடிப்பதை ஒரு பட்டம் போலவே சொல்லிக்கொள்கிறார்கள். 1892-ல் லண்டனில் ரோலண்ட் வார்ட் என்பவர் கொம்பு அளவுகளைப் புத்தகமாகப் போட ஆரம்பித்தார். இன்றும் டேப் வைத்து அளந்து பதிவு செய்கிறார்கள். நம்ம லேப் வெர்னியரைக் கொடுத்தால் சந்தோஷப்படுவார்கள் போல!

ஆனால் அந்தக் கொம்பு கிடைத்த விதத்தைப் பாருங்கள். ஆபத்து வந்தால் ஸ்டீன்பாக் ஓடாமல் புல்லோடு புல்லாகப் படுத்துவிடும். டூய்க்கர் என்ற பெயருக்கே முங்குகிறவன் என்று அர்த்தம், புதருக்குள் அப்படி முங்கி மறையும். டிக்-டிக் ஒரே இடத்தில் புழுக்கை போட்டு, தன் எல்லை இது என்று காட்டும். புழுக்கையில் ஈரம் இருக்கிறதா, குளம்புத் தடத்தின் ஓரம் காற்றில் உதிர்ந்துவிட்டதா, மேலே எறும்பு ஊர்ந்த கோடு விழுந்திருக்கிறதா என்று பார்த்து, 'காலையில் போனது, பக்கத்தில்தான் இருக்கும்' என்று சொல்வது அந்த உள்ளூர்க்காரர். பணம் கட்டியவர் கடைசியில் விரலை மடக்குகிறார். வீட்டுச் சுவரில் கொம்பு. கீழே யார் பெயர்? விரலை மடக்கியவர் பெயர்!

இதில் எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கலாம். எங்கள் தாத்தா சிறுமலை அடிவாரத்தில் ஆடு மேய்த்தவர். காணாமல் போன ஆட்டை நூறு தடத்துக்கு நடுவில் கண்டுபிடிப்பார். 'இது இடது பின்னங்கால் தாங்கி நடக்குது, நம்மதுதான்' என்பார். கைநாட்டு. அவருக்குத் தெரிந்தது படிப்பு என்று யாரும் சொன்னதில்லை.

நம் நாட்டிலும் இதே கதைதான். நீலகிரியில் வெள்ளைக்காரர்கள் 1879-லேயே வேட்டைக்குச் சட்டம் போட்டு, சீசன் குறித்து, லைசென்ஸ் வைத்து ஆடினார்கள். காடு காட்டியது மலைவாசிகள். அவர்களில் எத்தனை பேர் பெயர் நமக்குத் தெரியும்? கென்னத் ஆண்டர்சன் ஒருவர் பழைய சேலம் ஜில்லா காட்டில் தன்னோடு அலைந்த பைரா என்ற பூசாரியைப் பெயர் சொல்லி எழுதினார். அதற்காகவே அவரை மதிக்கிறேன்.

1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 1991 திருத்தத்தோடு லைசென்ஸ் வேட்டையும் ஒழிந்தது. நல்லதுதான். நம்ம திண்டுக்கல், மதுரைப் பக்கம் சிவராத்திரியை ஒட்டிப் பாரி வேட்டை என்று முயலுக்கு நாயும் தடியுமாகக் கிளம்பினால் வனத்துறை பிடித்து அபராதம் போடுகிறது. அதுவும் சரியே. முயலுக்கு வக்கீல் கிடையாது.

'வேட்டைப் பணத்தால்தான் அங்கே காடு பிழைக்கிறது' என்று ஒரு வாதம் உண்டு. அதைச் சும்மா தள்ளிவிட முடியாது. நமீபியா 1996-ல் சட்டம் மாற்றிக் கிராமச் சங்கங்களுக்கு வனவிலங்கின் மேல் உரிமை கொடுத்தது. வேட்டைக் கட்டணத்தில் ஒரு பகுதியும் கறியும் ஊருக்குப் போகின்றன. மறுபக்கம் கென்யா 1977-லேயே வேட்டையைத் தடை செய்து, பார்க்க வருகிறவர்களை வைத்தே சம்பாதிக்கிறது. வழிகாட்டிக்கு அங்கேயும் வேலை இருக்கிறது, மிருகமும் மறுநாள் இருக்கிறது. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கிறது.

அதைவிட எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. தென்னாப்பிரிக்காவில் லூயிஸ் லீபன்பர்க் என்பவர் 1994-ல் தடம் பார்ப்பவர்களுக்கு என்றே ஒரு தேர்வு ஆரம்பித்தார். எழுத்துத் தேர்வு கிடையாது. காட்டு மண்ணில் ஒரு தடத்தைக் காட்டி 'யாருடையது, என்ன செய்தது?' என்று கேட்பார்கள். சொன்னால் சான்றிதழ். பிறகு கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவர் அவரோடு சேர்ந்து, எழுதப் படிக்கத் தெரியாதவரும் படத்தைத் தொட்டே பதிவு செய்யும்படி கையடக்கக் கருவிக்கு ஒரு புரோகிராம் எழுதினார். சைபர்டிராக்கர் என்று பெயர். ஒரு மாணவர் செய்த வேலை, தோழர்களே!

நம் மாநிலத்துக் காடுகளிலும் வேட்டைத் தடுப்புக் காவலர்கள் இருக்கிறார்கள். பலர் பழங்குடியினர். தற்காலிக வேலை என்ற பெயரிலேயே வருஷக்கணக்கில் நடக்கிறவர்கள் அநேகம். பழனி மலையில் ஒரு பளியர் காலடி பார்த்துச் சொல்வதை நம் அரசாங்கமும் தேர்வு வைத்து, சான்றிதழ் கொடுத்து, அதற்கேற்ற சம்பளமும் போட்டால் என்ன? கருவிக்குத் தமிழில், படம் போட்டு, புரோகிராம் எழுத நம்ம கம்ப்யூட்டர் பிரிவு நண்பர்கள் தயாரா? மூன்றாம் வருஷப் புராஜெக்டுக்குத் தலைப்புத் தேடி அலைகிறவர்கள் என்னை வொர்க்‌ஷாப்பில் வந்து பார்க்கலாம்.