ரோடு ராஷ் முதல் ஐ.ஜி.ஐ. வரை: ரசிகர்கள் இருந்தும் அடுத்த பாகம் வராதது ஏன்?

பிரான்ஸைத் தலைமையிடமாகக் கொண்ட யுபிசாஃப்ட் நிறுவனம், 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா: தி சாண்ட்ஸ் ஆஃப் டைம்' வீடியோ கேமின் மறு உருவாக்கத்தைக் கைவிடுவதாக 2026 ஜனவரியில் அறிவித்தது. நிறுவனத்தின் மறுசீரமைப்பை ஒட்டி நிறுத்தப்பட்ட ஆறு கேம்களில் இதுவும் ஒன்று. இந்த முடிவுக்கு இந்தியாவில் கூடுதல் முக்கியத்துவம் உண்டு. காரணம், இந்தப் பணி முதலில் ஒப்படைக்கப்பட்டது அந்நிறுவனத்தின் புனே, மும்பை கிளைகளிடம்தான்.

பழைய தொடர்களுக்குப் புதிய பாகம் வேண்டும் என்ற கோரிக்கை உலகெங்கும் எழுவதுண்டு. வால்வ் நிறுவனத்தின் 'ஹாஃப்-லைஃப் 2' கதை 2007-ல் பாதியில் நின்றது. 2020-ல் வெளியான 'அலிக்ஸ்' பெரும்பாலும் அதற்கு முந்தைய காலத்தையே சொன்னது. ஆனால் இந்திய ரசிகர்கள் கேட்கும் தொடர்களின் பட்டியல் சற்று வேறுபட்டது. அவற்றுக்கு அடுத்த பாகம் வராததன் காரணமும் வேறுபட்டது.

பிரவுசிங் சென்டர் தலைமுறை

2000-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் இந்திய நகரங்களில் கேம் விளையாடக் கற்றுக்கொண்டவர்களில் பெரும்பாலானோரிடம் சொந்தமாகக் கணினி இல்லை. மணிக்கணக்கில் பணம் கட்டிப் பிரவுசிங் சென்டர்களிலும், பள்ளிக் கணினி அறைகளிலும், நண்பர் வீட்டிலும் விளையாடினார்கள். ரோடு ராஷ், புராஜெக்ட் ஐ.ஜி.ஐ., பிரின்ஸ் ஆஃப் பெர்சியா, ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் ஆகிய பெயர்கள் அந்தத் தலைமுறைக்கு இன்றும் மனப்பாடம்.

ஆனால் அந்த கேம்கள் பெரும்பாலும் ஒரே சிடியிலிருந்து பல கணினிகளுக்கு நகலெடுக்கப்பட்டவை. கட்டிய பணம் மைய உரிமையாளருக்குச் சென்றது. கேமை உருவாக்கிய நிறுவனத்துக்கு எதுவும் சென்று சேரவில்லை. அடுத்த பாகத்துக்கு நிதி ஒதுக்குவோர் பார்ப்பது விற்பனைக் கணக்கை. அந்தக் கணக்கில் இந்திய ரசிகர் இல்லவே இல்லை. இத்தொடர்கள் கைவிடப்பட்டதற்கு இது மட்டுமே காரணம் அல்ல என்றாலும், அவற்றைக் காப்பாற்றும் வலிமை இந்திய ரசிகர்களிடம் இல்லாமல் போனதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

இருமுறை அறுந்த ஐ.ஜி.ஐ.

புராஜெக்ட் ஐ.ஜி.ஐ. நார்வேயின் இன்னர்லூப் ஸ்டூடியோஸ் நிறுவனத்தின் படைப்பு. 2000 டிசம்பரில் வெளியானது. டேவிட் ஜோன்ஸ் என்ற உளவாளி தனியொருவராக ராணுவ முகாம்களுக்குள் ஊடுருவுவதே கதை. பரந்த திறந்தவெளி, மேலிருந்து முகாமைக் காட்டும் வரைபடக் கணினி, ஒரு கட்டத்தின் நடுவே சேமித்துக்கொள்ள முடியாத கடுமை ஆகியவை அதன் அடையாளங்கள். ஒரு தவறு நேர்ந்தால் அரை மணி நேர உழைப்பு வீணாகும். ஆகவே சுடுவதற்கு முன் யோசிக்க வேண்டியிருந்தது.

இரண்டாம் பாகம் 2003-ல் வந்தது. அதே ஆண்டில் இன்னர்லூப் மூடப்பட்டது. பின்னர் உரிமை வேறு கைகளுக்கு மாறி, 'ஐ.ஜி.ஐ. ஆரிஜின்ஸ்' என்ற முன்கதை 2019-ல் அறிவிக்கப்பட்டது. அதை உருவாக்கிவந்த பிரிட்டனின் ஆன்டிமேட்டர் கேம்ஸ் நிறுவனமும் 2023-ல் மூடப்பட, அந்த முயற்சியும் நின்றது. உருவாக்கியவர்கள் கலைந்துவிட்டால், உரிமைப் பத்திரம் கையில் இருந்தாலும் தொடரை மீட்பது எளிதல்ல என்பதற்கு இது சான்று.

பூட்டிவைக்கப்பட்ட ரோடு ராஷ்

ரோடு ராஷின் நிலை இதற்கு நேர்மாறானது. அதன் உரிமை கொண்ட எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் இன்றும் உலகின் மிகப் பெரிய கேம் நிறுவனங்களில் ஒன்று. 1991-ல் தொடங்கிய இத்தொடரில், 2000-ல் வந்த 'ஜெயில்பிரேக்'குக்குப் பிறகு முற்றிலும் புதிய பாகம் வரவில்லை. பந்தயத்தின் நடுவே பக்கத்து வண்டிக்காரரை உதைப்பது, சங்கிலியைப் பறித்து அதைக்கொண்டே திருப்பி அடிப்பது, காவலரிடம் சிக்காமல் தப்புவது என்ற கலவையே அதன் சிறப்பு.

பழைய கேமை அப்படியே மறுபடி விற்பதிலும் சிக்கல் எழலாம். 1994-ஆம் ஆண்டுப் பதிப்பில் சவுண்ட்கார்டன் உள்ளிட்ட ராக் இசைக் குழுக்களின் பாடல்கள் இடம்பெற்றன. இத்தகைய பாடல் உரிமங்கள் பொதுவாகக் குறிப்பிட்ட காலத்துக்கே வழங்கப்படும். உரிமம் முடிந்ததால் 'ஆலன் வேக்' என்ற கேம் 2017-ல் விற்பனையிலிருந்து நீக்கப்பட்டு, மறு ஆண்டில்தான் திரும்பி வந்தது. ரோடு ராஷுக்கு ஏங்கிய ரசிகர்களின் நிதி உதவியுடன் 'ரோடு ரிடெம்ப்ஷன்' என்ற கேமைச் சிறிய குழு ஒன்று 2017-ல் வெளியிட்டது. விருப்பம் உயிருடன் இருப்பதை அது காட்டியது. ஆயினும் மூலப் பெயர் இன்னும் பூட்டிய அறையிலேயே கிடக்கிறது.

புனேவுக்கு வந்து நழுவிய வாய்ப்பு

பிரின்ஸ் ஆஃப் பெர்சியா, ஜோர்டன் மெக்னர் 1989-ல் உருவாக்கியது. தம்பியை ஓடவும் தாவவும் வைத்துப் படம்பிடித்து, அதைப் பார்த்து வரைந்த அசைவுகளே அதன் சிறப்பு. 2003-ல் யுபிசாஃப்ட் அதற்குப் புத்துயிர் அளித்தது. அத்தொடருக்கான புதிய முயற்சியாகத் தொடங்கிய பணியே பின்னர் 'அசாசின்ஸ் கிரீட்' ஆக வளர்ந்து, தாய்த் தொடரைப் பின்னுக்குத் தள்ளியது.

2020 செப்டம்பரில் புனே, மும்பை கிளைகளின் மறு உருவாக்கம் அறிவிக்கப்பட்டபோது, நான்கே மாதங்களில் வெளியீடு என்று தேதியும் குறிக்கப்பட்டது. முன்னோட்டக் காட்சிகளின் தரம் கடும் விமர்சனத்துக்கு உள்ளானது. வெளியீடு முதலில் மார்ச் மாதத்துக்கும், பின்னர் காலவரையறையின்றியும் தள்ளிப்போனது. 2022 மே மாதத்தில் பணி கனடாவின் மான்ட்ரியல் கிளைக்கு மாற்றப்பட்டது. இப்போது முற்றிலும் நின்றுவிட்டது. உலகப் புகழ்பெற்ற ஒரு தொடரை இந்தியக் கிளைகள் முன்னின்று உருவாக்கும் அரிய வாய்ப்பு இவ்வாறு நழுவியது. இந்தியாவில் திறமை இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ள முடியாது. அதே 2020-ல் புனேவின் நோடிங் ஹெட்ஸ் கேம்ஸ் என்ற சிறு நிறுவனம் 'ராஜி' கேமைப் பன்னாட்டுச் சந்தைக்குக் கொண்டுசென்றது.

மீண்டு வந்த ஒரு தொடர்

கைவிடப்பட்ட தொடர் மீளவே மீளாது என்பதும் இல்லை. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் அதற்கு எடுத்துக்காட்டு. அதை உருவாக்கிய என்செம்பிள் ஸ்டூடியோஸ் 2009-ல் மூடப்பட்டது. மூன்றாம் பாகத்துக்கும் நான்காம் பாகத்துக்கும் இடையே 16 ஆண்டுகள் கடந்தன. இருந்தும் தொடர் பிழைத்தது. 2013-ல் மைக்ரோசாஃப்ட் இரண்டாம் பாகத்தை மெருகேற்றி ஸ்டீம் தளத்தில் விற்பனைக்கு வைத்தது. ரசிகர்கள் தாமாக உருவாக்கியிருந்த விரிவாக்கத்தை அதே ஆண்டில் அதிகாரபூர்வமாக வெளியிட்டது. 2021-ல் நான்காம் பாகம் வந்தது. 2022-ல் இரண்டாம் பாகத்துக்கு வந்த இந்திய விரிவாக்கத்தில் திராவிடர், வங்காளர், கூர்ஜரர் எனத் தனித்தனி நாகரிகங்களும், ராஜேந்திர சோழனின் படையெடுப்புகளும் இடம்பெற்றன.

இங்கே உரிமை ஒரே கையில் இருந்தது. பழைய கேம் சட்டப்படி வாங்கக் கிடைத்தது. ரசிகர்களின் ஆர்வம் விற்பனையாகக் கணக்கில் ஏறியது. ஐ.ஜி.ஐ.க்கும் ரோடு ராஷுக்கும் இம்மூன்றும் ஒருசேர அமையவில்லை.

இனி என்ன?

நிறுவனங்களிடம் ரசிகர்கள் எதிர்பார்க்க வேண்டிய முதல் படி, பல கோடி ரூபாய் செலவிலான புதிய பாகம் அல்ல. பழைய கேம் இன்றைய கணினியில் இயங்கும் வடிவில், ரூபாய் விலையில் விற்பனைக்கு வர வேண்டும். பயன்படுத்தாத பெயர்களைச் சிறு நிறுவனங்களுக்கு உரிமத்தின் பேரில் வழங்குவது அடுத்த படி. ஐ.ஜி.ஐ. போன்ற கேமுக்கு ஆயிரம் பேர் கொண்ட குழு தேவையில்லை. அதன் கடுமையைப் புரிந்துகொண்ட ஐம்பது பேர் போதும் என்று கருத இடமுண்டு.

ரசிகர்களுக்கும் இதில் பங்கு உண்டு. அன்று நகல் சிடியில் விளையாடிய மாணவர்கள் இன்று சம்பளம் வாங்குகிறார்கள். செல்போனிலேயே பணம் செலுத்துகிறார்கள். முறையாக விற்பனைக்கு வரும் பழைய கேமைப் பணம் கொடுத்து வாங்கினால்தான், 25 ஆண்டுகளாக எந்தக் கணக்கிலும் சேராத அவர்களின் விருப்பம் நிறுவனங்களின் கண்ணில் படும்.