உடலுக்கும் உண்டு ஓர் உரிமை

திருப்பூரில் தைக்கப்படும் பின்னலாடை அட்டைப்பெட்டிகளில் அடைக்கப்பட்டு, லாரியேறித் தூத்துக்குடித் துறைமுகம் சென்று, கப்பலேறிக் கடல் கடக்கிறது. அதைத் தைத்தவரோ அந்தக் கடலின் ஓரத்தில் ஒரு நாளேனும் ஓய்வாக அமர்ந்ததுண்டா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள், அன்புச் சகோதரர்களே!

நொய்யல் கரையிலுள்ள அவ்வூரின் வாழ்வு ஷிப்டுக் கணக்கில் நடைபெறுவது. காலை எட்டரைக்கு ஓவர்லாக் இயந்திரத்தின் முன் அமர்ந்தவர், ஒன்றரை ஷிப்டு முடித்து எழும்போது இரவு எட்டரை ஆகிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கவும் கடைவீதி சென்று வரவுமே சரியாகிவிடும். தீபாவளியையொட்டிக் கம்பெனிகள் அடைக்கப்படும் சில நாட்களும் திருமணம், மருத்துவமனை, உறவினர் வீடு எனக் கரைந்துவிடுகின்றன.

ஓய்வென்பது யாரும் இடும் பிச்சையன்று. தொழிற்சாலைகளில் வாரம் ஒரு நாள் ஓய்வு வேண்டுமென 1921இல் உருவான உலக உடன்படிக்கையை இந்தியா 1923இலேயே ஏற்றது. ஆண்டில் 240 நாட்கள் உழைத்தவருக்கு, இருபது நாள் உழைப்புக்கு ஒரு நாள் வீதம் ஊதியத்துடன் விடுப்பு என 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் வகுத்தது. சட்டம் கண்ட அந்த உரிமையை நாமே சோம்பலென்று எண்ணி வெட்கப்படுகிறோம்!

“ஜும்ஆ தொழுத பின் பிழைப்பைத் தேடிச் செல்லத்தானே திருமறை பணிக்கிறது?” என்று சிலர் வினவலாம். உண்மையே. ஆயினும் உறக்கத்தை இளைப்பாறுதலாக ஆக்கியதாகவும் அதே திருமறைதான் அறிவிக்கிறது. பகலெல்லாம் நோன்பிருந்து, இரவெல்லாம் நின்று வணங்கிய அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்களை அழைத்து, உடலுக்கும் கண்ணுக்கும் உங்கள் மீது உரிமையுண்டு என்று உணர்த்தினார்கள் அண்ணல் நபி (ஸல்) அவர்கள். வணக்கத்திற்கே அவ்வாறு எல்லை வகுக்கப்பட்டதெனில், ஓவர்டைமுக்கு எல்லை வேண்டாவா?

நம்மில் பலர் நாகூர் சென்று வந்திருப்போம். வேனில் இரவுப் பயணம், கூட்டத்தில் ஜியாரத், பிள்ளைகளுக்குச் சாமான்கள், உடனே திரும்புதல். சென்றதைவிடக் களைத்தே வீடு சேர்கிறோம். அருகிலேயே சில்லடிக் கடற்கரை இருக்கிறது. ஷாஹுல் ஹமீது ஆண்டகை அவர்கள் தனித்திருந்த இடமென மரபு போற்றும் கரை அது. கந்தூரிக் காலம் தவிர்த்து, ஒரு சாதாரண நாளில் தனியே சென்று பாருங்கள். எர்ணாகுளம்–காரைக்கால் விரைவு ரயில் திருப்பூர் வழியாகவே நாகூரைச் சென்றடைகிறது.

செல்போனை அணைத்துப் பையில் வையுங்கள். வைகறைத் தொழுகைக்குப் பின் கரையில் அமருங்கள். கதிரவன் நீரிலிருந்து எழுவான். படகுகள் திரும்பும். வெயில் ஏற ஏறக் கடற்காற்று வீசத் தொடங்கும். பசித்தால் உண்ணுங்கள், கண் அயர்ந்தால் உறங்குங்கள். அஸர் தொழுது மீண்டும் வந்தால் உங்கள் நிழலே கடலை நோக்கி நீண்டிருக்கும். எத்தனை பீஸ் முடிந்தது என்று அன்று எவரும் கேட்கமாட்டார். ஒரு நாள் இவ்வாறு கழிவது வீணாகுமா?

இவ்வுரிமை ஆடவருக்கு மட்டும் உரியதன்று. செக்கிங் மேசையில் பகலைக் கழித்த பெண், இரவில் அடுப்பின் முன் நிற்கிறாள். அவளையும் அழைத்துச் சென்று, அரை நாளேனும் தனியே அமர்ந்து கடலைப் பார்க்க விடுங்கள்; பிள்ளைகளை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

கம்பெனி நடத்தும் சகோதரர்களே! பின்னிய துணியை வெட்டுவதற்கு முன் விரித்துப் போட்டுத் தளர விடுகிறீர்கள். தளராத துணியைத் தைத்தால் பின்னர் சுருங்கி அளவு கெடும் என்பது உங்களுக்குத் தெரியும். துணிக்குத் தரும் அவகாசத்தை, அதைத் தைக்கும் மனிதருக்கும் தாருங்கள். அடுத்த முறை ஒருவர் வந்து ஒரு நாள் விடுப்புக் கேட்டால், எதற்கென்று வினவாமல் அனுப்பி வையுங்கள்.