கூரையில் உறங்கும் கல்நார்

தேவிபட்டினம் முதல் தனுஷ்கோடி வரை நீளும் கடற்கரையில் கூரைக்கும் ஒரு வரலாறு உண்டு. பனை மிகுந்த இந்நிலத்தில் முதலில் நின்றது பனையோலைக் கூரை. வசதி வாய்த்தோர் ஓடு வேய்ந்தனர். பின்னர் வந்தது அலையலையாய் வளைந்த, சாம்பல்நிறக் கல்நார்ச் சிமெண்டுத் தகடு. மக்கள் அதனை ‘ஆஸ்பெஸ்டாஸ் சீட்டு’ என்பர். மீன் ஏலக்கூடம், கருவாட்டுக் கிடங்கு, படகுப் பட்டறை, சமையற்கூடம், யாத்திரிகர் தங்கும் கொட்டகை எனப் பலர் கூடும் இடங்களில் இன்றும் அதனைக் காணலாம்.

இத்தகட்டை மக்கள் விரும்பியதற்குக் காரணம் உண்டு. உப்புக்காற்று இரும்பை அரிக்கும். 1914இல் திறக்கப்பட்ட பாம்பன் தொடர்வண்டிப் பாலத்தைத் துருவிலிருந்து காப்பது ஓயாத பணியாக இருந்தது. அக்காற்றில் துத்தநாகம் பூசிய தகடும் விரைவில் துருவேறும். கல்நார்த் தகடோ துருப்பிடிக்காது, கரையான் அரிக்காது, தீப்பற்றாது, விலையும் குறைவு.

தீப்பற்றாமை என்னும் பண்பு பின்னர் மேலும் மதிப்புப் பெற்றது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளியொன்றில் ஓலைக்கூரை தீப்பற்றி 94 குழந்தைகள் மாண்டனர். அதன்பின் பள்ளிகளில் ஓலைக்கூரைகளை அகற்றுமாறு அரசு ஆணையிட்டது. அது தேவையான ஆணை. ஆயினும் ஓலை இறங்கிய பல இடங்களில் கல்நார்த் தகடு ஏறியது. ஒரு தீங்கை விலக்கிய நாம் மற்றொன்றைத் தலைக்குமேல் ஏற்றிக்கொண்டோமா என வினவ வேண்டிய காலம் இது.

தீங்கு எங்கே இருக்கிறது?

கல்நார் என்பது பாறையில் இயற்கையாகத் தோன்றும் நார். ‘அணைக்க முடியாதது’ என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லே அதன் ஆங்கிலப் பெயருக்கு மூலம். இந்த நார் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிழைகளாகப் பிரியக்கூடியது. மூச்சோடு நுரையீரலுக்குள் செல்லும் இழைகளை உடலால் எளிதில் வெளியேற்றவோ கரைக்கவோ இயலாது. நுரையீரல் தழும்பேறி இறுகும் கல்நார் நோய், நுரையீரல் புற்றுநோய், நுரையீரலைச் சூழ்ந்த உறையில் தோன்றும் மீசோதீலியோமா என்னும் புற்றுநோய் ஆகியவை இதனால் விளைகின்றன. வெள்ளை, பழுப்பு, நீலம் என எந்த வகைக் கல்நாரும் புற்றுநோய் விளைவிப்பதே என உலக சுகாதார அமைப்பு அறிவித்துள்ளது. நோய் வெளிப்படப் பத்து முதல் நாற்பது ஆண்டுகள்கூட ஆகலாம். பதினாறு வயதில் சுவாசித்த தூசு ஐம்பது வயதில் நோயாகலாம். காரணமும் விளைவும் இவ்வளவு விலகி நிற்பதாலேயே நாம் இதனை அஞ்ச மறந்தோம்.

எனினும், கல்நார்க் கூரையின்கீழ் அமர்ந்திருப்போர் அனைவரும் உடனே ஆபத்தில் உள்ளனர் என்று கூறுவது தவறு. முழுமையான தகட்டில் இழைகள் சிமெண்டுக்குள் கட்டுண்டு கிடக்கின்றன. தகட்டை அறுக்கும்போதும், துளையிடும்போதும், உடைக்கும்போதும், பல்லாண்டு வெயிலும் மழையும் அதன் மேற்பரப்பை உதிர்க்கும்போதும்தான் அவை விடுபடுகின்றன. ஆகவே, மிகுதியான ஆபத்துக்கு உள்ளாவோர் மின்விசிறி மாட்டத் துளையிடும் தொழிலாளியும், உடைந்த தகட்டைச் சுமப்பவரும், அத்தூசியைப் பெருக்கும் துப்புரவுப் பணியாளருமே. கையில் எடுத்த பொருள் இன்னதென்று அவர்களுக்கு எவரும் சொல்வதில்லை.

சட்டம் சென்ற தொலைவு

சட்டம் உறங்கிவிடவில்லை. தொழிற்சாலைகள் சட்டம் கல்நார் நோயை அறிவிக்கப்பட வேண்டிய நோய்களுள் ஒன்றாக வைத்திருந்தது. 1995 ஜனவரி 27 அன்று உச்ச நீதிமன்றம், தொழிலாளியின் உடல்நலம் அரசமைப்பின் 21ஆம் பிரிவு வழங்கும் வாழ்வுரிமையின் பகுதியே எனத் தீர்ப்பளித்தது. கல்நார்த் தொழிலாளரின் மருத்துவப் பதிவேட்டைப் பணியில் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டுகளோ, பணி முடிந்தபின் 15 ஆண்டுகளோ, இவற்றுள் எது பிந்தியதோ அதுவரை காக்க வேண்டும் எனவும் ஆணையிட்டது.

இவை ஆலைக்குள் உழைப்போரைக் காக்கின்றன. ஆலையைவிட்டு வெளியேறிய தகடு பள்ளியின் கூரையாகவும் சந்தையின் கூரையாகவும் மாறியபின் அதற்குப் பொறுப்பாளர் யார்? இங்குதான் இடைவெளி உள்ளது. பிரிட்டன் 1999இல் கல்நாருக்குத் தடை விதித்தது. ஆயினும் தடைக்கு முன் கட்டியவை அப்படியே நின்றன. எனவே, வீடல்லாத கட்டடங்களைப் பராமரிப்பவர் அங்குள்ள கல்நாரைக் கண்டறிந்து, பதிவுசெய்து, பழுது பார்க்க வருவோருக்கு அறிவிக்க வேண்டும் என்பதை அந்நாடு சட்டக் கடமையாக்கியது. தடை எதிர்காலத்தைக் காக்கும். ஏற்கெனவே நிற்கும் கூரையை மேலாண்மைதான் காக்கும்.

நம் நாட்டில் கல்நார் வெட்டியெடுக்கப் புதிய உரிமங்கள் வழங்குவது முன்னரே நிறுத்தப்பட்டது. வெள்ளைக் கல்நார் இறக்குமதியோ தொடர்கிறது. தனுஷ்கோடிக்கு எதிர்க்கரையில் உள்ள இலங்கை, 2018 முதல் கல்நார் இறக்குமதியைத் தடைசெய்ய முடிவெடுத்திருந்தது. 2017 டிசம்பரில், தேயிலைப் பொதியில் வண்டு காணப்பட்டதாகக் கூறி ரஷ்யா இலங்கைத் தேயிலையை நிறுத்தியது. கல்நாரைப் பெருமளவில் ஏற்றுமதி செய்யும் நாடும் அதுவே. சில நாள்களில் இலங்கை தன் தடையைத் தள்ளிவைத்தது. தேயிலை வணிகமும் மீண்டது. நாடுகளின் வணிகக் கணக்குகள் இவ்வாறிருக்க, தடை வரட்டும் எனக் காத்திருப்பது அறிவுடைமை ஆகாது.

நாம் செய்யக்கூடியவை

ஒவ்வொரு பொதுக் கட்டடத்திற்கும் ஒரு கல்நார்ப் பதிவேடு வேண்டும் என்பது என் கருத்து. எந்த அறையில், எத்தனை தகடுகள், என்ன நிலையில் உள்ளன என்பதும், அதற்குப் பொறுப்பானவர் யார் என்பதும் அதில் இருக்க வேண்டும். ஒரு குறிப்பேடும் ஒரு நாள் உழைப்பும் இதற்குப் போதும். உறுதியாக உள்ள தகட்டைத் தொடாமல் விட்டு, ஆண்டுதோறும் பார்வையிடலாம். விரிசலுற்ற தகட்டைப் பயிற்சி பெற்றோரைக் கொண்டே அகற்ற வேண்டும். அதனை நீரால் நனைத்து, உடைக்காமல் முழுதாக இறக்கி, தடித்த நெகிழித்தாளில் பொதிந்து, அடையாளமிட்டு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வழிகாட்டுதலோடு உரிய இடத்தில் ஒப்படைக்க வேண்டும். தூசியைத் துடைப்பத்தால் உலர்நிலையில் பெருக்கக் கூடாது. ஈரத்துணியால் துடைக்க வேண்டும். சாதாரணத் துணி முகமூடி இந்த இழைகளைத் தடுக்காது.

“ஏழைப் பள்ளியும் சிறு பட்டறையும் செலவுக்கு எங்கே போகும்?” என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வியே. எல்லாக் கூரைகளையும் ஒரே நாளில் மாற்ற இயலாது, மாற்றவும் தேவையில்லை. அவசரமாகப் பிரித்தெறிவது தூங்கும் இழைகளை எழுப்புவதாகவே முடியும். பழுதுற்றவற்றை முதலில் மாற்றி, புதிய கட்டடங்களில் கல்நாரைத் தவிர்த்தாலே செலவு பல ஆண்டுகளுக்குப் பகிர்ந்துவிடும்.

இக்கடற்கரைக்கு மற்றொரு கவலையும் உண்டு. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியையே இழந்த மண் இது. இன்று ஒரு பெரும்புயல் வீசினால் கல்நார்த் தகடுகள் பறந்து நொறுங்கும். மறுநாள் அவற்றை வெறுங்கையால் அள்ளுவோர் நம் உறவினர்களே. பள்ளம் நிரப்பவும் ஊருணிக் கரையை மேடாக்கவும் அத்துண்டுகளைக் கொட்டினால், மிதிபட்டு நொறுங்கும் ஒவ்வொரு துண்டும் மீண்டும் தூசாகும். எனவே, புயல் முன்னேற்பாட்டுத் திட்டத்தில் படகும் உணவும் இடம்பெறுவதுபோலக் கல்நார் இடிபாட்டை அகற்றும் முறையும் இடம்பெற வேண்டும்.

மாணவர்களே! உங்கள் பள்ளியின் கூரையையும், உங்கள் பெற்றோர் உழைக்கும் இடத்தின் கூரையையும் ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள். அது எதனால் ஆனது என்று கேளுங்கள், விடையை எழுதிவையுங்கள். நாளை அங்கே துளையிட ஏணியில் ஏறும் ஒருவரிடம், “அண்ணா, கொஞ்சம் பொறுங்கள். இது கல்நார்த் தகடு” என்று சொல்ல அந்தக் குறிப்பு உதவும். அவர் நுரையீரலுக்கு அதுவே முதல் காப்பு.