சிவகிரி தம்பதி கொலை: வாக்குமூலம் இருக்கு, உருக்கிய தங்கம் இருக்கு... கோர்ட்டில் நிற்குமா?

ஈரோடு மாவட்டம் சிவகிரி அருகே தோட்டத்து வீட்டில் தனியாக வசித்த வயதான தம்பதி கொல்லப்பட்ட வழக்கில், 2025 மே மாதம் மூன்று பேர் கைதானார்கள். கொள்ளை போன நகையை வாங்கி உருக்கியதாக, நகைத் தொழில் செய்யும் ஒருவரும் பிடிபட்டார். அதோடு நிற்கவில்லை. 6 மாதத்துக்கு முன்பு பல்லடம் அருகே சேமலைக்கவுண்டம்பாளையத்தில் ஒரே வீட்டில் மூன்று பேரைக் கொன்றதும் இவர்கள்தான் என்று போலீஸ் அறிவித்தது.

'அப்பாடா, பிடிச்சிட்டாங்க' என்று ஊர் மூச்சு விட்டது. டிவியில் பிரேக்கிங் நியூஸ் முடிந்தது. ஆனால் வழக்கு அங்கேதான் ஆரம்பிக்குது. கைதானவர்கள் சொன்னதாக போலீஸ் சொன்னதில் எவ்வளவு கோர்ட்டுக்குள் போக முடியும்? உருக்கிய தங்கத்தை 'இது அந்த அம்மாவோட நகை' என்று எப்படி நிரூபிப்பது? இந்த இரண்டு கேள்விக்கும் கிடைக்கிற பதிலில்தான் வழக்கின் முடிவே இருக்கிறது.

என்ன நடந்தது?

சிவகிரி விளக்கேத்தி பக்கம் மேகரையான் தோட்டம். கணவருக்கு 75 வயதைத் தொட்ட வயது, மனைவிக்கு 60-ஐத் தாண்டிய வயது. பிள்ளைகள் வெளியூரில். 2025 ஏப்ரல் கடைசியில் போன் செய்தால் எடுக்கவில்லை என்று உறவினர்கள் போய்ப் பார்த்தபோதுதான், மே 1-ம் தேதி, கொலை நடந்ததே வெளியே தெரிந்தது. அதற்குள் சில நாட்கள் ஓடிவிட்டன. மூதாட்டி அணிந்திருந்த நகைகளைக் காணவில்லை.

அந்த 'சில நாட்கள்' சாதாரண விஷயம் இல்லை. இறந்த நேரத்தைத் துல்லியமாகச் சொல்ல முடியாது. காலடித் தடம் கலைந்திருக்கும். மோப்ப நாய்க்கு வாசனை மிஞ்சாது. சுற்றி வயலும் தென்னையும்தான், அடுத்த வீடு கூப்பிடு தூரத்தில் இல்லை. நேரில் பார்த்த சாட்சி ஒருவர்கூட இல்லை.

தனிப்படைகள் அமைத்து சிசிடிவி, பைக் நடமாட்டம், பழைய குற்றவாளிகள் பட்டியல் என்று தேடியதில், அரச்சலூர் பகுதியைச் சேர்ந்த மூன்று பேரிடம் போய் நின்றது விசாரணை. மரம் ஏறும் வேலை, தோட்ட வேலை என்று போகிறபோதே தனியாக இருக்கும் வீடுகளை நோட்டம் பார்த்து வைத்தார்கள் என்பது போலீஸ் தரப்பு. மேற்கு மண்டல ஐஜி செந்தில்குமார் செய்தியாளர்களைச் சந்தித்து விவரங்களைச் சொன்னார். இது எல்லாமே இன்னும் குற்றச்சாட்டுதான், தீர்ப்பு இல்லை.

இது ஏதோ கொங்குப் பக்கத்துப் பிரச்சினை என்று தள்ளிவிட முடியாது. அங்கே தோட்டத்து வீடு என்றால், நம்ம விருத்தாசலம், கம்மாபுரம் பக்கம் கொல்லை வீடு, மோட்டார் கொட்டாய். பிள்ளைகள் சென்னைக்கும் திருப்பூருக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட, மாட்டையும் நிலத்தையும் விட்டு வர மனசில்லாமல் அங்கேயே தங்கிவிட்ட அப்பா அம்மா எல்லா மாவட்டத்திலும்தான் இருக்காங்க.

'ஒத்துக்கிட்டாங்க' என்றால் போதாதா?

போதாது. போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக கோர்ட்டில் பயன்படுத்தவே முடியாது. பழைய சாட்சியச் சட்டத்தில் 25, 26-வது பிரிவுகள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய அதினியத்தில் அதே விஷயம் 23-வது பிரிவு. போலீஸ் காவலில் இருக்கும்போது வேறு யாரிடம் சொன்னாலும் இதே கதிதான், மாஜிஸ்திரேட் முன்னால் சொன்னால் மட்டும் விதிவிலக்கு. வெள்ளைக்காரன் காலத்தில் போட்ட தடை இது. அடித்து வாங்கின வாக்குமூலம் எது, மனசு வந்து சொன்னது எது என்று பிரிக்க வழி இல்லை என்பதுதான் காரணம். அந்தக் காரணம் இன்றைக்கும் காலாவதி ஆகவில்லை.

ஆனால் ஒரு சின்னக் கதவு திறந்திருக்கு. 'நகையை இன்ன இடத்தில் கொடுத்தேன், காட்டுகிறேன்' என்று ஒருவர் சொல்லி, அவர் சொன்னபடியே அந்தப் பொருள் கிடைத்தால், அதைக் கண்டுபிடிக்க உதவிய அந்த ஒரு பகுதி மட்டும் சாட்சியம் ஆகும். பழைய 27-வது பிரிவு என்று வக்கீல்கள் வாயில் எப்போதும் இருப்பது இதுதான். 1947-ல் புலுக்குரி கோட்டையா வழக்கில் பிரிவி கவுன்சில் போட்ட எல்லைக்கோடு இன்றும் மாறவில்லை. 'கத்தியைக் கூரையில் செருகி வைத்தேன்' என்பது வரை உள்ளே வரும். 'அதை வைத்துதான் குத்தினேன்' என்பது வராது.

அதாவது, பிரஸ் மீட்டில் நாம் கேட்ட அரை மணி நேரக் கதையில், கோர்ட்டுக்குள் நுழைவது ரெண்டே ரெண்டு வரியாக இருக்கலாம்.

அந்த ரெண்டு வரிக்கும் நிறைய சோதனை இருக்கு. மூன்று பேரும் சேர்ந்து சொன்னார்கள் என்று பொத்தாம்பொதுவாக எழுதினால், எதிர்தரப்பு வக்கீல் எழுந்து நிற்பார்: 'முதலில் சொன்னது யார்? ஒருத்தர் சொன்ன பிறகு போலீஸுக்கு ஏற்கெனவே தெரிந்துவிட்டதே, மற்றவர் சொன்னதில் என்ன கண்டுபிடிப்பு?' பறிமுதல் மகஜரில் கையெழுத்துப் போட்ட சாட்சி, பெரும்பாலும் கிராம நிர்வாக அலுவலர், சில வருஷம் கழித்துக் கூண்டில் ஏறி 'நான் ஸ்டேஷனில்தான் கையெழுத்துப் போட்டேன்' என்று சொல்லிவிட்டால் முடிந்தது. நம்ம ஊர்க் கொலை வழக்குகள் பல உடைந்த இடம் இந்த மகஜர்தான். புதிய சட்டம் இதற்காகவே சோதனையையும் பறிமுதலையும் வீடியோ எடுப்பதைக் கட்டாயமாக்கியிருக்கு. 7 வருடமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றத்தில் தடயவியல் நிபுணர் இடத்துக்கு வர வேண்டும் என்றும் சொல்கிறது. சிவகிரி, பல்லடம் இரண்டுமே புதிய சட்டம் வந்த பிறகு நடந்தவை. அந்த வீடியோ வெட்டு ஒட்டு இல்லாமல் இருக்கிறதா என்பது இந்த வழக்கில் பெரிய விஷயம்.

உருக்கிவிட்டால் அது யார் தங்கம்?

இதுதான் வழக்கின் முடிச்சு.

2021 ஜனவரியில் சீர்காழியில் நகை வியாபாரி வீட்டுக்குள் காலையில் புகுந்து, அவர் மனைவியையும் மகனையும் கொன்றுவிட்டு கிலோ கணக்கில் தங்கத்தை அள்ளிச் சென்றது ஒரு கும்பல். கம்மாபுரத்தில் இருந்து பெரிய தூரம் இல்லை, பலருக்கு நினைவிருக்கும். சில மணி நேரத்தில் வயல்காட்டில் வளைத்துப் பிடித்தார்கள், நகையும் கிடைத்தது. ஒருவர் என்கவுன்ட்டரில் கொல்லப்பட்டது தனி சர்ச்சை. இங்கே கவனிக்க வேண்டியது, நகை நகையாகவே கிடைத்தது என்பதைத்தான். வீட்டுக்காரர் பார்த்து 'இது எங்களது' என்று அடையாளம் சொல்ல முடியும்.

சிவகிரியில் அப்படி இல்லை. தாலிக்கொடியில் எத்தனை குண்டு, வளையலில் எந்த இடத்தில் பற்ற வைத்தது என்று மகனோ மகளோ சொல்லக்கூடிய அத்தனை அடையாளமும் உலையில் போய்விட்டது. கட்டியாகக் கிடைத்த தங்கத்துக்கு முகம் கிடையாது. எடை ஒத்துப்போகலாம். ஆனால் எடை மட்டும் ஒத்துப்போனால் அது இன்னாருடைய நகை ஆகிவிடாது.

கொள்ளை நடந்த கொஞ்ச நாளிலேயே அந்தப் பொருள் ஒருவர் கையில் இருந்தால், 'எப்படி வந்தது' என்று அவர் விளக்கம் சொல்லியாக வேண்டும். சொல்ல முடியாவிட்டால் அவரே திருடியவர் அல்லது திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்கியவர் என்று கோர்ட் எடுத்துக்கொள்ளலாம். சாட்சிய அதினியம் 119-வது பிரிவின் முதல் எடுத்துக்காட்டே இதுதான். கொள்ளையும் கொலையும் ஒரே சம்பவம் என்றால், பொருள் வைத்திருந்தவர்மேல் கொலையையும் சேர்த்தே ஏற்றிய தீர்ப்புகள் நிறைய உண்டு. ஆனால் முதல் படி, அது இறந்தவரின் பொருள்தான் என்று நிறுவுவது. அந்தப் படியில்தான் உருக்கின தங்கம் வழுக்குகிறது.

அப்போ அரசுத் தரப்புக்கு என்ன வழி? உருக்கியவர்தான் வழி. உருக்குவதற்கு முன்னால் அந்த நகைகளை முழுசாகப் பார்த்த வெளி ஆள் அவர் ஒருவர்தான். என்ன நகை, எத்தனை, யார் கொண்டுவந்தார், என்றைக்கு, எவ்வளவு பணம் கொடுத்தார் என்று அவர் சொன்னால், பழைய கல்யாண போட்டோவில் அம்மா கழுத்தில் இருக்கும் சங்கிலியோடு அதைப் பொருத்திப் பார்க்கலாம். பணம் கைமாறிய தடம், செல்போன் டவர் இருப்பிடம் எல்லாம் இதன் மேல் உட்காரும்.

சிக்கல், அவரும் குற்றம் சாட்டப்பட்டவர். அந்த இடத்தில் இருந்துகொண்டு அவர் போலீஸிடம் சொன்னது மற்ற மூவருக்கு எதிராகச் செல்லாது. அவரை அப்ரூவராக்கி, அதாவது முழு உண்மையும் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனையோடு கோர்ட் மன்னிப்பு கொடுத்து, சாட்சிக் கூண்டில் ஏற்றலாம். பிஎன்எஸ்எஸ் 343-வது பிரிவு அதற்கு இடம் தருகிறது. 'கொலைகாரனிடம் நகை வாங்கினவனுக்கு மன்னிப்பா?' என்று கேட்கத் தோன்றும். நியாயமான கோபம்தான். ஆனால் திருட்டுப் பொருளை வாங்கிய குற்றத்துக்கு அதிகபட்சம் 3 வருடம், கொலைக்கு ஆயுள் அல்லது தூக்கு. எதை விட்டு எதைப் பிடிப்பது என்று அரசுத் தரப்பு கணக்குப் போடத்தான் வேண்டும்.

பல்லடம் வழக்கு ஏன் இன்னும் கடினம்?

2024 நவம்பர் 28 இரவு, சேமலைக்கவுண்டம்பாளையத்தில் வயதான தம்பதியும் ஊருக்கு வந்திருந்த மகனும் கொல்லப்பட்டார்கள். மாதக்கணக்கில் துப்பு கிடைக்காமல் வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. சிவகிரி கைதுக்குப் பிறகுதான் வெளிச்சமே வந்தது.

ஒரே கும்பல், ஒரே பாணி என்று கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சிவகிரி வழக்கின் சாட்சியத்தை எடுத்து பல்லடம் வழக்கில் ஒட்டவைக்க முடியாது. ஒவ்வொரு கொலைக்கும் தனித்தனியாகச் சங்கிலி கோக்கணும். 1984-ல் சரத் பிர்திசந்த் சார்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இன்றும் அளவுகோல்: நேரடி சாட்சி இல்லாதபோது, சூழ்நிலைகள் ஒவ்வொன்றும் முழுசாக நிரூபிக்கப்பட வேண்டும், எல்லாம் சேர்ந்து குற்றவாளி இவர்தான் என்பதைத் தவிர வேறு எந்த முடிவுக்கும் இடம் தரக்கூடாது. 'இவனாகத்தான் இருக்கும்' என்பது போதாது.

சிவகிரியில் கொலைக்கும் கைதுக்கும் இடையில் சுமார் மூன்று வாரம். பல்லடத்தில் கிட்டத்தட்ட 6 மாதம். ஆறு மாதம் கழித்துக் கையில் தங்கம் இருந்தது என்றால், 'சமீபத்தில் வைத்திருந்தார்' என்ற வாதம் ரொம்பவே தளர்ந்துவிடும்.

பழசாகாத தடயம் ஒன்று உண்டு. 2005 ஜனவரியில் பெரியபாளையம் அருகே தானாக்குளத்தில் கும்மிடிப்பூண்டி எம்எல்ஏ சுதர்சனம் வீடு புகுந்து கொல்லப்பட்டாரே, 'தீரன் அதிகாரம் ஒன்று' படத்துக்குக் கருவான பவாரியா கும்பல் வழக்குகளில் ஒன்று, அதில் மூன்று பேருக்கு ஆயுள் தண்டனை வந்தது 2025 நவம்பரில்தான். 20 வருஷம். இடையில் முக்கியக் குற்றவாளிகளே இறந்துபோனார்கள். ஆனாலும் வழக்கு நின்றது என்றால், அந்த விசாரணைக்கு கைரேகை இருந்தது, அடிபட்டுப் பிழைத்த குடும்பத்தினரே நேரடி சாட்சிகளாக இருந்தார்கள். சிவகிரியிலும் பல்லடத்திலும் உயிரோடு மிஞ்சிய சாட்சி கிடையாது.

என்ன தண்டனை வரலாம்?

கொலைக்கு பிஎன்எஸ் 103: தூக்கு அல்லது ஆயுள். வீடு புகுந்தது, கொள்ளை அடித்தது, தடயத்தை அழித்தது தனித்தனிப் பிரிவுகளில் வரும். ஒரு நுணுக்கம்: ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்தால்தான் சட்டத்தில் கூட்டுக் கொள்ளை. கூட்டுக் கொள்ளையில் கொலை நடந்தால் யார் அடித்தது என்று பார்க்காமல் எல்லோருக்கும் தூக்கு வரை போகலாம். இங்கே மூன்று பேர் என்பதால் அந்தக் குறுக்குவழி இல்லை. மூவருக்கும் பொது நோக்கம் இருந்தது என்று நிரூபித்தாக வேண்டும்.

கால அளவு பற்றியும் ஒரு வார்த்தை. கைதான 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் ஆகாவிட்டால், கொலை வழக்கென்றாலும் ஜாமீன் கேட்பது உரிமை ஆகிவிடும். அதேபோல, புகார் கொடுத்த குடும்பத்துக்கு எஃப்ஐஆர் நகல் இலவசமாகத் தர வேண்டும், விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். அரசு வக்கீலுக்குத் துணையாகக் குடும்பமே ஒரு வக்கீலை வைத்துக்கொள்ளலாம். இது பலருக்குத் தெரியாது.

விருத்தாசலம் பக்கத்துக்காரர்களுக்குக் கடைசிப் பத்தியில் சொன்னது புதுசில்லை. 2003-ல் நடந்த புதுக்கூரைப்பேட்டை ஆணவக் கொலை வழக்கில் ஒரு தகப்பன் விடாமல் நடந்ததால்தான் சிபிஐ வந்தது. 2021 செப்டம்பரில் கடலூர் கோர்ட் தீர்ப்பு, 2022-ல் உயர் நீதிமன்றம், 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம். முதலில் விசாரித்த போலீஸ் அதிகாரிகளே தண்டனை பெற்றவர்கள் பட்டியலில் இருந்தார்கள். சாட்சிகள் பலர் நடுவில் பிறழ்ந்தும் போனார்கள்.

சிவகிரி வழக்கில் பிறழக்கூடிய சாட்சிகள் ரொம்பக் குறைவு: மகஜர் சாட்சிகள், சிசிடிவி கொடுத்தவர்கள், பைக்கைப் பார்த்தவர்கள். அதனால் இந்த வழக்கில் அடுத்து கவனிக்க வேண்டியது, அந்த நகைத் தொழிலாளியின் பெயர் கோர்ட்டில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் வரிசையிலேயே நிற்கிறதா, சாட்சிகள் வரிசைக்கு மாறுகிறதா என்பதைத்தான்.